பதினாலாம் நம்பர் விடைத்தாள்

சின்னாளபட்டியில் அப்போது இருந்த நெசவாளர் சங்கங்களில் அது சின்னது. பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. செயலாளர் முத்துச்சாமியின் சங்கம் என்றால் ஊருக்கே தெரியும். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டிலும் மை இருக்காது. அறுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில் அந்தச் சங்கத்துக்கு ஒரு குமாஸ்தா தேவைப்பட்டார். பம்பாய்க்காரர்களுக்கும் கல்கத்தாக்காரர்களுக்கும் இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் வேண்டும். அதனால் திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூட அறையைக் கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்கிலீஷ் பரீட்சை வைத்தார்கள். முதல் மார்க் வாங்குகிறவருக்கு வேலை என்று சங்கத்துக் கதவில் ஒட்டியிருந்தது.

எழுத வந்தவர்கள் பத்தொன்பது பேர். பதினெட்டு ஆண்கள், ஒரே ஒரு பெண். அவள் சண்முகவள்ளி, தறிக்காரர் பொன்னுத்துரையின் ஒற்றை மகள். பதினோராம் வகுப்பு வரை படித்துப் பாஸானவள். கல்யாண வீட்டில் தப்பான பந்தியில் வந்து உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோல அந்தப் பதினெட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. அவளுடைய நம்பர் பதினாலு. அதை விடைத்தாளின் மூலையில் எழுதி, இரண்டு கோடு போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முதல் கேள்வியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. 'லெஸ்' என்று முடிகிற பத்து இங்கிலீஷ் சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் எழுதி, வாக்கியத்தில் வைத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள். அவள் இலக்கணப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கரைத்துக் குடித்தவள். வீட்டில் ராட்டையில் ஊடைநூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே பத்துப் பத்தாகச் சொல்லிப் பார்ப்பாள். தறிக்குழியில் உட்கார்ந்து நாடா வீசி நெய்கிற பொன்னுத்துரைக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் இழை எண்ணிப் பழகிய மனுஷர் அல்லவா, எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரு சொல் விட்டுப்போனால் போதும், "ஒம்பதுதான் ஆத்தா வந்துச்சு, இன்னொண்ணு எங்க?" என்பார். இவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பத்தாவதைச் சொல்வாள். அப்படிப் படித்த படிப்பு அது.

கேர்லெஸ், கவனமில்லாத. ஃபியர்லெஸ், பயமில்லாத. ஹோம்லெஸ், வீடில்லாத. இப்படி வரிசையாக எழுதிக்கொண்டு போனவள் பத்தாவதில் வந்து செத்த நேரம் நின்றாள். ஃபாதர்லெஸ். தகப்பனில்லாத என்று பொருள் எழுதிவிட்டாள். வாக்கியத்துக்கு என்ன எழுதுவது? ஜன்னல் வழியே பார்த்தால், வாசலில் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து அவளைக் கூட்டி வந்தவர், வந்ததிலிருந்து உட்காரவே இல்லை. அவள் மனசு நிறைந்துபோய் எழுதினாள். நான் தகப்பனில்லாதவள் அல்ல, என் தகப்பனார்தான் என்னை இந்தப் பரீட்சைக்கு அழைத்து வந்தார் என்று. இங்கிலீஷில், பிழையில்லாமல்.

எல்லாரும் எழுதி முடித்ததும் முத்துச்சாமி தாள்களை அடுக்கினார். கட்டுவதற்குக் கயிறு இல்லை. இதற்கெல்லாம் முன்யோசனை இருந்தால் அவர் ஏன் செயலாளர் ஆகிறார். வாசலில் நின்ற பொன்னுத்துரை மடியிலிருந்து ஊதாச் சாய நூலை எடுத்துக் கொடுத்து, தானே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சும் போட்டுக் கொடுத்தார். அவர் முடிச்சு ஊரில் வேறு யாருக்கும் வராது. சின்னதாக, தட்டையாக இருக்கும். ஒரு நுனி உள்ளே மடங்கிப் போய்விடும். அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். பத்தொன்பது பேரும் பார்க்க அந்தக் கட்டு முத்துச்சாமியின் கக்கத்துக்குப் போனது.

பத்து நாள் கழித்து மார்க் ஒட்டினார்கள். முதல் மார்க் சோலைமுத்து, எழுபத்தாறு. சண்முகவள்ளி ஐம்பத்திரண்டு. சோலைமுத்து வேற்று ஆள் இல்லை, பொன்னுத்துரையின் அக்கா கருப்பம்மாளின் மகன். சண்முகவள்ளிக்கு என்று சின்ன வயசிலேயே பேசி வைத்த அத்தை மகன்தான். அவன்மேல் அவளுக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. அதனால் இரண்டு நாள் அழுதுவிட்டு, போகட்டும், நம் அத்தான்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அவன் வீட்டுக்கு வந்து ஆறுதல் வேறு சொன்னான். இங்கிலீஷ் லேசுப்பட்டதில்லை, கல்யாணத்துக்கு அப்புறம் நான் சொல்லித் தருகிறேன், கவலைப்படாதே என்றான். அவளும் தலையை ஆட்டினாள். நினைத்தால் வயிறு எரிகிறது.

வீட்டில் சும்மா இருப்பானேன் என்று சங்கத்தின் மடிப்புக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். நெய்து சாயம் போட்ட சுங்குடிச் சேலைகளை அங்கேதான் மடிப்பார்கள். மடிப்பு விறைப்பாக நிற்க உள்ளே ஒரு காகிதத்தை வைப்பது வழக்கம். அதற்குப் புதுக் காகிதமா வாங்குவார்கள்? ஆபீசில் தீர்ந்துபோன பழைய காகிதங்களைத்தான் கொட்டகைக்கு அனுப்புவார்கள். சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படித்தான். அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயம்தான் சமயத்தில் மறந்துபோகும்.

ஐப்பசியில் தீபாவளிச் சரக்கு மும்முரமாகப் போய்க்கொண்டிருந்தது. சேலைக்கு வைக்கக் காகிதம் போதவில்லை என்று கொட்டகைப் பெண்கள் சத்தம் போட்டார்கள். புதுக் குமாஸ்தா சோலைமுத்து பொறுப்பானவன். ஆபீஸ் அலமாரியைச் சுத்தமாகக் காலி பண்ணி, மேலே நீலப் பென்சிலால் 'கழிவு' என்று எழுதி, ஒரு சாக்கு நிறைய அனுப்பி வைத்தான். சாக்கை அவிழ்த்துக் கொட்டினது சண்முகவள்ளி.

பழைய ரசீதுக்கும் கிழிந்த பதிவேட்டுக்கும் நடுவில் ஒரு கட்டு கிடந்தது. ஊதா நூல் கட்டு. அவள் கை அதன்மேல் போனதும் அப்படியே நின்றுவிட்டது. சின்ன முடிச்சு. தட்டையான முடிச்சு. ஒரு நுனி உள்ளே மடங்கியிருந்தது. நூல் காகிதத்தின் விளிம்பில் பதிந்து பள்ளம் விழுந்திருந்தது. அறுத்த அடையாளம் இல்லை, மாற்றிக் கட்டின அடையாளம் இல்லை. திண்டுக்கல் பள்ளிக்கூட வாசலில் அவள் அப்பன் போட்ட முடிச்சு, போட்டது போட்டபடி இருந்தது.

சேலை நூல் வெட்டுகிற கத்தரியால் நூலை அறுத்தாள். மேலே முதல் நம்பர் தாள். சிவப்பு மை எங்கேயும் இல்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எதிலும் ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை. பதினாலாவது அவளுடையது. கேர்லெஸ்ஸிலிருந்து ஃபாதர்லெஸ் வரை அவள் எழுதின பத்தும் எழுதின மாதிரியே இருந்தன. ஒரு கண்ணாவது அதைப் பார்த்திருந்தால்தானே. அப்படியென்றால் அந்த ஐம்பத்திரண்டு எங்கிருந்து வந்தது? அந்த எழுபத்தாறு?

ஏழாம் நம்பர் சோலைமுத்துவின் தாள். அவன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா. பத்துச் சொல்லில் நாலுக்குத்தான் எழுதியிருந்தான். ஃபியர்லெஸ் என்பதற்குக் கொஞ்சமாகப் பயப்படுகிற என்று பொருள் போட்டிருந்தான். ப்ரைஸ்லெஸ் என்பதற்கு விலை மலிவான என்று எழுதி, எங்கள் சங்கத்துச் சேலைகள் ப்ரைஸ்லெஸ் என்று வாக்கியமும் எழுதியிருந்தான். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இவனா எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தரப்போகிறவன் என்று தோன்றியது. ஆனாலும் ஒன்று அவளுக்கு விளங்கியது. அவன் குற்றவாளி இல்லை. தெரிந்திருந்தால் இந்தக் கட்டைத் தன் கையாலேயே கழிவில் போட்டிருப்பானா?

எல்லாம் முத்துச்சாமியின் வேலை என்று முடிவு கட்டிக்கொண்டு, மடியில் கட்டை மறைத்து வீட்டுக்கு ஓடினாள். அப்பாவிடம் சொன்னால் போதும், அப்பா சங்கத்தைக் கிழித்து இரண்டாக்கிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு ஓடினாள். பாவம், அந்தப் பெண் அப்படித்தான் நினைத்தாள்.

பொன்னுத்துரை தறிக்குழியில் இருந்தார். அவள் கட்டையும் அறுந்த நூலையும் தறிமேல் வைத்தாள். அவர் முடிச்சைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. கோபப்படவும் இல்லை. மிதிபலகையிலிருந்து காலை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்படி வாசலுக்கு வந்த அம்மா சுந்தரம்மாள், கட்டைப் பார்த்ததும் வந்த வழியே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

"நான்தான் சொன்னேன் ஆத்தா," என்றார் பொன்னுத்துரை. "பரீட்சைக்கு மறுநாளே முத்துச்சாமியப் பார்த்தேன். வேலைக்குப் போற புள்ளய மருமகளா எடுக்க மாட்டேன்னு அக்கா ஒத்தக்கால்ல நின்னுச்சு. அவனுக்கும் ஒரு உத்தியோகம் அமையல. வேலை அவன் கைக்குப் போனா என்ன, உன் கைக்கு வந்தா என்ன, ஒரே வீடுதான?"

கட்டைப் பிரிக்கக்கூட இல்லையே அப்பா என்றாள் அவள். பிரித்துப் பார்த்துவிட்டு அவனுக்குப் போட்டிருந்தாலும் மனசு ஆறியிருக்குமே என்றாள்.

"நான்தான் பிரிக்க வேண்டாம்னேன்," என்றார் அவர். "நீதான் முதல்ல வருவேன்னு எனக்குத் தெரியும்ல. பிரிச்சுட்டா முத்துச்சாமிக்கு மனசு மாறிப்போகும்."

இதைக் கேட்டு ஒரு பெண் என்ன செய்வாள்? தெரியாத்தனமாகச் செய்தால் ஒரு மாதிரி. மகள் மக்கு என்று நினைத்துச் செய்தாலும் ஒரு மாதிரி. கெட்டிக்காரி என்று தெரிந்து, அந்தக் கெட்டிக்காரத்தனம் வெளியே வந்துவிடக் கூடாது என்றே கட்டோடு வைக்கச் சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்து பத்துப் பத்தாக எண்ணிக் கொடுத்த அதே மனுஷர். சண்முகவள்ளிக்கு அழுகை வரவில்லை. அடிபட்டதும் முதலில் வலி தெரியாதே, அந்த மாதிரி மரத்துப்போய், மறுபடி கொட்டகைக்கே நடந்து போனாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை பரிசம் போடுவதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குச் சேலை, பூ, பழம் கொண்டுவந்து சபையில் வைத்துக் கல்யாணத்தை உறுதி செய்கிற சடங்கு அது. சேலை வெளியே வாங்கவில்லை. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி வைத்த சுங்குடி, சங்கத்துச் சேலைதான். மாப்பிள்ளை வீட்டுக்கு என்று சீட்டு எழுதி அது மடிப்புக்கு வந்தபோது, மற்ற பெண்கள் அவளைக் கேலி பண்ணி அவளிடமே தள்ளினார்கள். தன் பரிசச் சேலையைத் தானே மடித்தாள் சண்முகவள்ளி. மடிப்புக்குள் காகிதம் வைத்தாள். ஒன்றுக்கு இரண்டாக வைத்தாள். மேலே பதினாலாம் நம்பர், கீழே ஏழாம் நம்பர்.

அப்பனிடம் கேட்டாயிற்று. இனி அவனிடம் கேட்க வேண்டியதுதான். வாயால் கேட்டால் வாயால் மழுப்பலாம். சபையில் அவன் கையில் அந்தத் தாள் இருக்கும்போது அவன் என்ன சொல்கிறானோ, அதைப் பார்த்துக்கொண்டு கல்யாணத்தைப் பற்றி யோசிப்பது என்று முடிவு செய்தாள். நியாயமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை போனாலும் இவனோடு குடும்பம் நடத்தலாம் என்றுதான் நினைத்தாள். இடையில் இருந்த மூன்று நாளும் அந்த ஒரு வார்த்தைக்காகச் சாமி கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. முன்வரிசையில் முத்துச்சாமி, பையில் இரண்டு பேனாவோடு. கருப்பம்மாள் தட்டை நடுவில் வைத்தாள். சாயம், புள்ளி எல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு பெரியம்மா சேலையைத் தூக்கி உதறினாள். காகிதம் இரண்டும் சோலைமுத்துவின் முன்னால் போய் விழுந்தன.

குமாஸ்தா மாப்பிள்ளைதான் படிக்கட்டுமே என்று யாரோ சொன்னார்கள். அவனும் சந்தோஷமாக எடுத்தான். மேல் தாளில் நாலு வரி சத்தமாகப் படித்தான். கேர்லெஸ், ஃபியர்லெஸ் என்று அவன் படிக்கப் படிக்க, சபை ஒன்றும் புரியாமல் மாப்பிள்ளையின் இங்கிலீஷைப் பார்த்து வாயைப் பிளந்தது. மூலையில் நம்பரைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. அடுத்த தாளைப் பார்த்தான். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். சிவப்பு மையைத் தேடுகிறான் என்று சண்முகவள்ளிக்குத் தெரிந்தது. முத்துச்சாமியைப் பார்த்தான், அவர் மேல்கூரையைப் பார்த்தார். மாமனைப் பார்த்தான், அவர் தரையைப் பார்த்தார். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடைசியில் அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னப்பா பேப்பர் அது என்று கருப்பம்மாள் கேட்டாள்.

சோலைமுத்து இரண்டு தாளையும் நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"ஒண்ணுமில்லம்மா," என்றான். "கழிவுப் பேப்பர்தான்."

சண்முகவள்ளிக்கு அங்கேதான் மனசு விட்டுப்போனது. அப்பன் சொன்னபோதுகூட அப்படி வலிக்கவில்லை. அவள் எழுந்து நடுச்சபைக்கு வந்தாள். பரிசத்தன்று பெண் தானாக எழுந்து வந்தால் எப்படி இருக்கும்?

"பதினாலாம் நம்பர் என்னோடது அத்தான்," என்றாள். "அதை மட்டும் குடுத்துருங்க. உங்களது உங்க பைக்குள்ளயே இருக்கட்டும்."

அவன் குனிந்த தலை நிமிராமல் எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் அவள் சபைக்குச் சொன்னாள். கட்டு பிரிக்கப்படவே இல்லை, ஒரு தாளுக்கும் மார்க் போடவில்லை, பத்தொன்பது பேரையும் ஏமாற்றியிருக்கிறார்கள். மற்ற தாளெல்லாம் என்னிடம் இருக்கிறது, திங்கட்கிழமை திண்டுக்கல்லுக்குப் போய்ச் சங்கங்களைப் பார்க்கிற மேலதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன் என்றாள். யார் கேட்டு இது நடந்தது என்று மட்டும் சொல்லவில்லை. பொன்னுத்துரையின் பெயர் அவள் வாயில் வரவே இல்லை. சேலையைப் பழையபடி மடித்துத் தட்டில் வைத்து அத்தையின் பக்கம் நகர்த்தினாள்.

பிறகு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. கருப்பம்மாள் மாரில் அடித்துக்கொண்டு தட்டைத் தூக்கிப் போனாள். தங்கள் மகனும் எழுதினான் என்று சபையிலேயே மூன்று பேர் எழுந்து நின்றார்கள். முத்துச்சாமி செருப்பைக்கூட மாட்டாமல் நடையைக் கட்டினார். சோலைமுத்து வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குள் வீடு காலியாகி, விரித்த ஜமுக்காளம் மட்டும் கிடந்தது.

பொன்னுத்துரை தறிக்குழியில் போய் இறங்கியிருந்தார். நாடாவைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவளைக் கூப்பிட்டார். சபையில் என் பேரைச் சொல்லவில்லையே ஆத்தா என்றார். அவருக்கு அது தாங்கவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், சும்மா நிற்பவளை என்ன செய்வது.

"அதுல என்னதான் எழுதியிருக்க? வாசிச்சுக் காட்டு, கேக்குறேன்," என்றார்.

அவள் தார் சுற்றுகிற இடத்தில் உட்கார்ந்து வாசித்தாள். கவனமில்லாத. பயமில்லாத. வீடில்லாத. உபயோகமில்லாத. முடிவில்லாத. தீங்கில்லாத. கதியில்லாத. வெட்கமில்லாத. விலைமதிப்பில்லாத. வாசித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

இத்தனை வருஷத்துப் பழக்கம் எங்கே போகும். அவர் விரல் தறிக்கட்டையின்மேல் எண்ணிக்கொண்டுதான் இருந்தது.

"ஒம்பதுதான் ஆத்தா வந்துச்சு. இன்னொண்ணு எங்க?"

அவள் மடித்த தாளை மறுபடி பிரித்தாள். பத்தாவதையும், வாசலில் தூக்குச்சட்டியோடு நின்றவரைப் பார்த்து அன்றைக்கு எழுதின வாக்கியத்தையும், முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் வாசித்தாள். நான் தகப்பனில்லாதவள் அல்ல, என் தகப்பனார்தான் என்னை இந்தப் பரீட்சைக்கு அழைத்து வந்தார்.

பொன்னுத்துரை இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மார்க் போட வேண்டியவர்கள்தான் போடவில்லையே, அதையும் அவளே போட்டாள்.

"ஒம்பதும் சரிதாம்ப்பா," என்றாள். "இது ஒண்ணுதான் தப்பாப் போச்சு."